கதவை இழுத்த கை: அறிவியல் புனைவு நகைச்சுவைத் தொடருக்கு மேக்கிங் ஆவணப்படம் எடுக்கும் முறை

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்குத் தெற்கே, பயன்பாட்டில் இல்லாத ஒரு கருவாட்டுக் கிடங்குக்குள் விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறையை அமைத்திருந்தார்கள். விண்கலத்தின் தளபதி வேகமாக நடந்து வரும்போது கதவு தானாகத் திறக்க வேண்டும். ஆனால் அரை விநாடி தாமதமாகத் திறக்க வேண்டும், அதற்குள் அவர் மூக்கு கதவில் இடித்துவிட வேண்டும். கதவுக்கு மோட்டார் எதுவும் கிடையாது. ப்ளைவுட் பலகையின் ஓரத்தில் கட்டியிருந்த நைலான் கயிற்றை, தடுப்புக்குப் பின்னால் குந்தியிருந்த ஒரு மீனவர் இழுத்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகில் போக வழியின்றி, யூனிட்டுக்கு நாள் கூலிக்கு வந்தவர் அவர். முதல் நாள் ஒன்பது டேக் வீணானது. மறுநாள் அந்த மீனவர், தளபதியின் காலடிச் சத்தத்தைக் கேட்டு இழுப்பதை விட்டுவிட்டு, பலகை இடுக்கு வழியாகத் தரையில் விழும் நிழலைப் பார்த்து இழுக்கத் தொடங்கினார். இரண்டாவது டேக்கிலேயே யூனிட் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அந்த நகைச்சுவைத் தொடர் எப்படி உருவானது என்று காட்டும் மேக்கிங் ஆவணப்படத்தை எடுக்கும் பொறுப்பு என்னுடையது. முதல் நாள் முழுவதும் நான் நடிகரின் முகத்தையே எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள்தான் தடுப்புக்குப் பின்னால் போய், காய்ப்பேறிய அந்தக் கைகள் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக் காத்திருப்பதை எடுத்தேன். படத்தொகுப்பில் முதல் நாள் எடுத்தவற்றில் ஒரு ஷாட் கூடத் தேறவில்லை. நகைச்சுவை யாருடைய கையில் பிறக்கிறதோ அந்தக் கைக்குப் பக்கத்தில் கேமரா இருக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வந்தது. மற்ற யோசனைகள் எல்லாம் அந்த இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்வதற்கான ஏற்பாடுகள்தான். இராமநாதபுரம் கடற்கரையில் சிறிய யூனிட்டுடன், சிறிய பணத்தில் வேலை செய்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஒரு வரியைப் பின்தொடருங்கள்

பெரும்பாலான மேக்கிங் வீடியோக்கள் நாள் வரிசையில் நகர்கின்றன. பூஜை, முதல் ஷாட், மதியச் சாப்பாடு, நடிகர்கள் வசனம் மறந்து சிரிப்பது, பூசணிக்காய் உடைப்பது என்று முடிந்துவிடுகின்றன. பார்க்கிறவருக்கு அதிலிருந்து எந்த வேலையும் புரிவதில்லை. அதற்குப் பதிலாக, படப்பிடிப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே திரைக்கதையை வாங்கிப் படித்து, அதிலிருந்து நான்கைந்து நகைச்சுவைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் தாளிலிருந்து திரை வரை பின்தொடருங்கள். எழுதும்போது ஒரே வரியாகவும், செய்து காட்டும்போது பத்துப் பேருக்குப் பத்து நாள் வேலையாகவும் ஆகிவிடுகிற வரிகளே இதற்கு ஏற்றவை. அறிவியல் புனைவில் அப்படிப்பட்ட வரிகளுக்குப் பஞ்சமே இல்லை.

இதற்கு நல்ல முன்மாதிரி பிரிட்டனில் இருக்கிறது. 1978இல் பிபிசி வானொலி நாடகமாகத் தொடங்கிய 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி', 1981இல் ஆறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டு தலை. வானொலியில் அது போகிற போக்கில் சொல்லப்பட்ட கிண்டல். கேட்பவர் கற்பனை செய்துகொண்டால் போதும். தொலைக்காட்சிக்கு வந்தபோது அதே கிண்டலுக்காக இயந்திரத் தலை ஒன்றைச் செய்து நடிகரின் தோளில் கட்ட வேண்டியிருந்தது, அதுவும் அடிக்கடி மக்கர் செய்தது. அதே தொடரில் கணினித் திரையில் ஓடுவது போலத் தெரியும் எழுத்துகளும் படங்களும் கணினியில் செய்யப்பட்டவை அல்ல. ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் செய்த அனிமேஷன். அந்த அனிமேஷன் குழுவில் வேலை பார்த்த கெவின் டேவிஸ் என்பவரே பின்னாளில், 1993இல் வெளியான மேக்கிங் ஆவணப்படத்தையும் இயக்கினார். உள்ளே இருந்து பார்த்தவருக்கு எந்த மேசையில் என்ன நடந்தது என்பது தெரிந்திருக்கும். நாம் உள்ளே இருந்தவர்களாக இல்லாவிட்டால், ஒரு மாதம் முன்பே போய் உள்ளே இருப்பவர்களாக ஆகிவிட வேண்டும்.

எங்கள் தொடரின் கதை இது: ஒரு விண்கலம் தனுஷ்கோடி மணலில் இறங்குகிறது. ஆளில்லாக் கோள் என்று நினைத்து இறங்கியவர்களுக்கு, இன்ஜினைக் குளிரவைக்க ஐஸ் தேவைப்படுகிறது; ஐஸ் வாங்கப் போய் மீன் வியாபாரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். விண்கலத்தின் கணினி உள்ளூர்ப் பேச்சைக் கற்றுக்கொள்வது மீன் ஏலத்தைக் கேட்டுத்தான். அதனால் புறப்படும் நேரத்தில் அது பத்து, ஒன்பது என்று இறங்கி எண்ணாமல், ஏலக்காரர் போல "எண்ணூறு, எண்ணூத்தம்பது, தொள்ளாயிரம்" என்று ஏறிக்கொண்டே போகிறது. யாராவது "மூணு தரம்" என்று முடித்து வைத்தால்தான் கலம் கிளம்பும்.

தாளில் இது நான்கு வரி. நான் இதைப் பின்தொடர்ந்தபோது பார்த்தவை பல. எழுத்தாளர்கள் இருவருக்கும் எண்ணிக்கை எத்தனை வரை ஏற வேண்டும் என்பதில் ஒரு மாலை முழுவதும் விவாதம் நடந்தது. ஒலிப்பதிவாளர் விடியற்காலையில் பாம்பன் ஏலக்கூடத்தில் நின்று, ஏலக்காரர் எந்த எண்ணை நீட்டுகிறார், எந்த எண்ணை விழுங்குகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னணிக் குரல் கொடுத்த பெண் முதல் முறை அதை வேடிக்கையான குரலில் பேசினார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை, வங்கி வாசலில் டோக்கன் எண் சொல்லும் இயந்திரம் போல, உணர்ச்சியே இல்லாமல் பேசினார். ஒலிப்பதிவு அறைக்கு வெளியே டீ கொண்டுவந்த பையன் சிரித்துவிட்டான். அந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்தபோது, யாரும் விளக்கம் சொல்லாமலேயே இந்த வகைத் தொடரின் அடிப்படை விதி ஆவணப்படத்தில் தெளிவாகிவிட்டது. இயந்திரம் தன்னை வேடிக்கையாக நினைக்கவே கூடாது. அது எவ்வளவு கண்டிப்பாக நடந்துகொள்கிறதோ அவ்வளவு சிரிப்பு வரும். மேக்கிங் எடுப்பவர் இந்த விதியைத் தம் படத்துக்கும் பொருத்திக்கொள்ள வேண்டும். அட்டைப் பெட்டியில் செய்த கருவியைக் கேலியான இசையோடு காட்டாதீர்கள். அதைச் செய்தவர் பட்ட பாட்டை அவர் பட்ட அதே அக்கறையுடன் காட்டுங்கள்.

ஆகவே முதல் வாசிப்பைக் கட்டாயம் படமெடுங்கள். நடிகர்கள் திரைக்கதையை முதன்முறையாகச் சேர்ந்து படிக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் வருவதுதான் இயல்பான சிரிப்பு. படப்பிடிப்புக்குள் அந்த வரியை ஐம்பது முறை கேட்டுவிடுவார்கள், அதன் பிறகு யூனிட்டில் யாருக்கும் அது நகைச்சுவையாகவே தெரியாது. இரண்டு கேமரா இருந்தால் ஒன்றைப் படிக்கிறவர் மேலும் மற்றதைக் கேட்கிறவர்கள் மேலும் வையுங்கள். ஒன்றே இருந்தால் கேட்கிறவர்கள் மேல் வையுங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

எதை எடுக்கலாம், எதை எப்போது வெளியிடலாம், யார் அனுமதிக்க வேண்டும் என்ற மூன்றையும் தயாரிப்பாளரிடம் ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதி வாங்குங்கள். தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பாகும் முன் கதை முடிவு தெரியும் காட்சிகளை வெளியிடுவதில்லை என்பதை நீங்களே முன்வந்து எழுதிக் கொடுத்தால் பல கதவுகள் திறக்கும். நடிகர்களிடம் மட்டுமல்லாமல் லைட்மேன், தச்சர், சமையல்காரர், நாள் கூலிக்கு வருகிறவர் வரை எல்லோரிடமும் ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும். குழந்தைகளுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். ஒப்பனை அறையில், அதிலும் பெண்கள் உடை மாற்றும் பக்கம், கேமராவைக் கொண்டு போகவே போகாதீர்கள். அங்கே எடுக்க வேண்டிய ஒப்பனை வேலை இருந்தால் அவர்களே நேரம் சொல்லட்டும்.

இந்தக் கரையில் வேலை செய்வது

இராமேசுவரம் தீவின் வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். மேக்கிங் எடுப்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி. வைகாசி தொடங்கி ஆடி, ஆவணி வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது தெற்குக் கரையில் நின்று பேட்டி எடுத்தால் ஒலி தேறாது. அந்த மாதங்களில் ஓலைக்குடா, சங்குமால் பக்கம் வடக்குக் கரையில், வீடுகளின் மறைவில் உட்காருங்கள். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று திரும்பிவிட்டால் நிலைமை தலைகீழ். பெண்கடல் கொந்தளிக்கும், தெற்குப் பக்கம் ஒதுங்கலாம். மாசி, பங்குனியில் இரண்டு பக்கமும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். படப்பிடிப்பு நாளை நீங்கள் தீர்மானிக்க முடியாது, ஆனால் பேட்டி நாளை உங்களால் தீர்மானிக்க முடியும்.

மைக்கின் மேல் வரும் வெறும் பஞ்சு உறை இந்தக் காற்றுக்கு எந்த வகையிலும் போதாது. 'டெட்கேட்' என்று யூனிட்டில் சொல்லும் நீண்ட மயிர் உறை கட்டாயம் வேண்டும். ரெக்கார்டரில் தாழ் அதிர்வெண்ணை வெட்டும் வசதியை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் போட்டுவைப்பதும், லேப்பல் மைக்கைச் சட்டைக்கு உள்பக்கம் ஒட்டுவதும் அதற்கு அடுத்தவை. கலை இயக்குநர் தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனைச் சாலையோரம் நின்று, வெள்ளை மணலில் விண்கலத்தின் கால் தடம் எப்படிப் பதிய வேண்டும் என்று எனக்கு விளக்கிய 20 நிமிடப் பேட்டியைப் பஞ்சு உறையோடு எடுத்து இழந்தேன். அவர் கைகள் மணலில் கோடு போடுவது மட்டும் படத்தில் இருக்கிறது. குரல் இருக்க வேண்டிய இடத்தில் காற்றின் இரைச்சல். பிறகு கிடங்குக்குள் வைத்து மறுபடியும் சொல்லச் சொன்னபோது, அந்த விளக்கம் பாடம் ஒப்பிப்பது போலாகிவிட்டது.

உப்புக் காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். எந்த லென்ஸ் வேண்டும் என்பதை வண்டிக்குள்ளேயே முடிவு செய்துகொண்டு, முன்னால் யுவி ஃபில்டர் போட்டு இறங்குங்கள். மாலையில் கேமராவின் உடலையும் டிரைபாட் கால்களையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேராகக் கரைக்கு வந்தால் கண்ணாடி வேர்த்துவிடும். அரை மணி நேரம் பையைத் திறக்காமல் வெளியே வைத்திருந்து பிறகு எடுங்கள்.

அனுமதிகளை யூனிட் வாங்கியிருந்தாலும் உங்கள் கேமராவும் ஆட்களும் அதில் சேர்ந்திருக்கிறார்களா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் மாலைக்கு மேல் தங்க விடுவதில்லை என்பதால், 'இன்னும் ஒரு ஷாட்' என்று நீளும் வழக்கம் அங்கே செல்லாது. பாம்பன் பாலங்கள், அதாவது 1914இல் திறந்த பழைய பாலமும் 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும் புதிய பாலமும், ரயில்வேயின் சொத்து. சாலைப் பாலத்திலிருந்து கைபேசியில் எடுப்பதும், டிரைபாட் போட்டுப் படப்பிடிப்பு நடத்துவதும் ஒன்றல்ல. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையமும் இருக்கின்றன, கடல் எல்லையும் பக்கம். உரிய அனுமதி கையில் இல்லாமல் ட்ரோனைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கக் கூட வேண்டாம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அங்கே இறங்க முடியாது. கலைத் துறைக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வேற்றுக் கோளின் தரை போலத் தெரிகிறதே என்று கரையொதுங்கிய பவளப்பாறைத் துண்டுகளை அள்ளிவந்து செட்டில் அடுக்கினால், அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் ஆவணப்படம் அதற்குச் சாட்சியாகவும் ஆகிவிடும். எங்கள் கலை இயக்குநர் தெர்மாகோல் மீன் பெட்டிகளைச் சூடான கம்பியால் துளைத்துச் சுண்ணாம்பு பூசிப் பாறைகளைச் செய்தார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வேறுபாடு தெரியாது. அப்படிச் செய்யும்போது எழும் புகை நெஞ்சுக்குக் கெடுதல் என்பதால் வெளியே, காற்று போகும் திசையைப் பார்த்துத்தான் செய்தார்கள்; அந்த ஏற்பாட்டையும் படத்தில் வைத்தேன்.

தனுஷ்கோடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் உள்ளே இருந்தவர்களோடு கடலில் போனது. இன்று நிற்கும் தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும் அந்த இரவின் மிச்சங்கள். நகைச்சுவைத் தொடருக்கு அவை வேற்றுக் கோளின் இடிபாடுகளாக இருக்கலாம், ஏனென்றால் கதையில் வருகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆவணப்படம் எடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் படத்தில் அந்தச் சுவர்கள் முதலில் வரும் இடத்திலேயே, அது என்ன இடம் என்பதை ஒரு நிமிடம் நிறுத்திச் சொல்லுங்கள். குடிசை போட்டு இன்றும் அங்கே மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. 'பேய் ஊர்' என்ற சொல்லை அவர்கள் காதில் விழும்படி உங்கள் குரல் பதிவில் வைக்காதீர்கள். எங்கள் இயக்குநர் தேவாலயச் சுவருக்குள் எடுக்க எழுதியிருந்த சண்டைக் காட்சியை, இடத்தைப் பார்த்த அன்று வெளியே மணலுக்கு மாற்றினார். அவர் அந்த முடிவை எடுத்து உதவி இயக்குநரிடம் மெதுவாகச் சொன்ன 40 விநாடி, என் படத்தில் எனக்கு மிக முக்கியமான பகுதி.

செட்டில் எங்கே நிற்பது

நடிகரின் பார்வைக் கோட்டில் நிற்காதீர்கள். கருப்பு உடை அணியுங்கள். எந்த மேக்கிங் கேமராமேனுக்கும் இது தெரிந்த விதிதான் என்றாலும், விண்வெளி உடை வரும் படத்தில் இதன் தீவிரம் வேறு. தலைக்கவசத்தின் வளைந்த கண்ணாடி எதிரே இருக்கும் அறை முழுவதையும் காட்டிக் கொடுக்கும். நீங்கள் எந்த மூலையில் நின்றாலும் அதில் ஒரு புள்ளியாகத் தெரிவீர்கள். ஒத்திகையின்போதே ஒளிப்பதிவாளரிடம் மானிட்டரைப் பார்க்க அனுமதி கேட்டு, கவசத்தில் தெரியாத இடத்தைக் கண்டுபிடித்துத் தரையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது முதன்மைக் கேமராவுக்கு நேர் பின்னால், ஒளியைத் தடுக்க வைக்கும் கருப்புத் துணியான ஃப்ளாகுக்கு மறைவில் இருக்கும்.

அந்தத் தலைக்கவசமே ஒரு நல்ல கதை. மே மாத வெயிலில் அதை மாட்டியதும் மூச்சுக் காற்றில் கண்ணாடி வெண்மையாகிவிடும், முகம் தெரியாது. முகம் தெரியாவிட்டால் நகைச்சுவை இல்லை. பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலை ஒரு துளி தொட்டு உள்பக்கம் தேய்த்து உலரத் துடைத்தார்கள். பழைய கணினியிலிருந்து கழற்றிய சின்ன விசிறியைப் பிடரிக்குப் பின்னால் பொருத்தினார்கள். விசிறி ஓடும்போது நடிகருக்கு இயக்குநர் சொல்வது கேட்கவில்லை. கடைசியில், முதுகில் ஒரு தட்டு தட்டினால் நட, இரண்டு தட்டினால் விழு என்று ஏற்பாடாயிற்று. திரையில் அந்தப் பாத்திரம் எதையும் ஒரு கணம் தாமதமாகப் புரிந்துகொள்வது போலத் தெரிந்ததற்கு இந்தத் தட்டுதான் காரணம். மூன்றாம் பகுதியிலிருந்து எழுத்தாளர்கள் அதையே அந்தப் பாத்திரத்தின் குணமாக எழுதிவிட்டார்கள். ஒரு குறைபாடு குணச்சித்திரமாக மாறுகிற இத்தகைய தருணங்கள் அன்றைய படப்பிடிப்புத் திட்டமான கால்ஷீட்டில் இருக்காது. அவற்றைப் பிடிக்க ஒரே வழி, ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கேமராவை அணைக்காமல் இருப்பதுதான். 'கட்' சொன்ன பிறகு ஒரு நிமிடம் ஓடட்டும்.

டேக் நடக்கும்போது உங்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் அந்த டேக் போயிற்று. சிரிப்பு வரும் என்று தெரிந்தால் கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொள்ளுங்கள். யூனிட்டில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். 1988இல் தொடங்கிய 'ரெட் டுவார்ஃப்' என்ற பிரிட்டிஷ் விண்வெளி நகைச்சுவைத் தொடரை ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்தே பதிவு செய்தார்கள், அதனால் எந்த வரி எடுபடுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. நமக்கு அந்த வசதி இல்லை என்று நினைக்க வேண்டாம். கயிறு கட்டித் தடுத்த இடத்துக்கு அப்பால் வலை பின்னுகிறவர்களும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிற பெண்களும் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒத்திகையின்போது அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பி எடுத்து வையுங்கள். எந்த இடத்தில் சிரித்தார்கள் என்பதை நான் இயக்குநரிடம் இரண்டு முறை காட்டினேன்; ஒருமுறை அவர் ஒரு வசனத்தையே வெட்டினார்.

தொழில்நுட்பத்தில் கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. முதன்மைக் கேமரா விநாடிக்கு 24 ஃப்ரேமில் ஓடினால் நீங்களும் 24இல், 25 என்றால் 25இல் எடுங்கள். தொடரின் காட்சிகளை உங்கள் படத்தில் சேர்க்கும்போது உறுத்தாது. விண்கல அறை முழுவதும் எல்இடி பட்டைகள் ஒட்டியிருப்பார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால், அவை கேமராவில் சிமிட்டுவது பெரும்பாலும் போய்விடும். மலிவான டிம்மர் போட்ட பட்டைகள் அப்போதும் சிமிட்டும், ஆகவே விளக்குக் குழுவோடு ஒரு நாள் முன்பே சோதித்துவிடுங்கள்.

கேள்வி கேட்கும் விதம்

வேலை செய்கிறவர்களிடம் கருத்துக் கேட்காதீர்கள், செய்முறை கேளுங்கள். கட்டுப்பாட்டு அறையின் வளைந்த மேசையைச் செய்தவர் பாம்பனில் படகு கட்டும் ஒரு ஆசாரி. "இந்தத் தொடரில் வேலை பார்த்தது எப்படி இருந்தது அண்ணே?" என்று கேட்டபோது, "நல்லா இருந்துச்சு தம்பி" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மேசையின் விளிம்பைக் காட்டி, "இந்தப் பலகை உடையாமல் எப்படி வளைந்தது?" என்று கேட்டேன். "வத்தைக்கு அணியம் வளைக்கிற மாதிரித்தான் தம்பி. பலகைய ஊறப் போட்டு, தீயில காட்டி, பைய வளைக்கணும். அவசரப்பட்டா நடுவுல வெடிச்சுரும்" என்று தொடங்கி, பலகையைத் தடவிக்கொண்டே பத்து நிமிடம் பேசினார். விண்கலத்தின் மேசை, கடலுக்குப் போகும் வத்தையின் முன்பகுதியைப் போல வளைந்திருக்கிறது என்பதை அதுவரை எங்களில் யாரும் கவனித்திருக்கவில்லை.

பேட்டியை வேலை நடந்த இடத்திலேயே, அந்தப் பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வி படத்தில் வராது என்பதால், பதிலைக் கேள்வியோடு சேர்த்துச் சொல்லுமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் இடைமறிக்காமல் விட்டுவிட்டுக் கடைசியில் ஒருமுறை கேளுங்கள். முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள், படத்தொகுப்பில் வெட்டு விழும் இடங்களை அதுதான் மூடும். இயக்குநரையும் முதன்மை நடிகர்களையும் கடைசியாக எடுங்கள். தச்சரும் ஒப்பனையாளரும் சொன்னதைக் கேட்ட பிறகு கேட்கும் கேள்விகள் கூர்மையாக இருக்கும்.

கார்டுகளும் பிரதிகளும்

விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். நாளுக்கு மூன்று மணி நேரம், 20 நாள் என்றால் 2.7 டிபி. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பதே பாதுகாப்பான கணக்கு. எங்களுடைய மூன்றாவது பிரதி வாரம் ஒருமுறை இராமநாதபுரத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனது. பிரதி எடுத்துச் சரிபார்க்கும் வரை கார்டை அழிக்காதீர்கள். அன்றிரவே, தூக்கம் வந்தாலும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதிவிடுங்கள்: எந்த நகைச்சுவை, யார் கை, என்ன முடிவு. மூன்று மாதம் கழித்து 60 மணி நேரப் பதிவின் முன் உட்காரும்போது அந்த நோட்டுதான் உங்களுக்குத் துணை.

தொகுக்கும்போது

ஒவ்வொரு நகைச்சுவையையும் தனி அத்தியாயமாக வெட்டிக்கொண்டு, பிறகு அவற்றை வரிசைப்படுத்துங்கள். எழுதிய தாள், முதல் வாசிப்பு, பொருள் உருவாவது, தோற்ற டேக்குகள், கடைசியில் ஒளிபரப்பான காட்சி என்ற வரிசை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சிலவற்றில் ஒளிபரப்பான காட்சியை முதலில் வைத்துவிட்டுக் கயிற்றின் மறுமுனைக்குப் போவது நல்லது, கதவுக் காட்சியை அப்படித்தான் வைத்தேன். மாறாக ஏலக் கணினியை முதலிலிருந்து கொண்டுபோனேன், ஏனென்றால் அங்கே சுவாரசியம் குரலைத் தேடிப் போனதில்தான் இருந்தது. வசனம் தப்பிச் சிரிக்கும் துண்டுகளை ஒட்டுமொத்தமாகக் கடைசியில் சேர்க்கும் வழக்கத்தை நான் பின்பற்றுவதில்லை. ஒரு தவறு அடுத்த டேக்கை எப்படி மாற்றியது என்று காட்ட முடிந்தால் மட்டுமே அந்தத் தவறுக்குப் படத்தில் இடம் கொடுங்கள். எட்டுப் பகுதித் தொடர் ஒன்றுக்கு 40 நிமிட ஆவணப்படம் தாராளம். அதற்கு மேல் நீண்டால், வெட்ட மனம் வராத ஒன்றை நீங்கள் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முழுப் படம் தயாரானதும் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் வேலை செய்தவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் பாம்பனில் ஏலக்கூடத்தின் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சின்ன புரொஜெக்டரில் காட்டினோம். கயிறு இழுத்தவரின் கைகள் திரையில் வந்தபோது அவருடைய மனைவி அதை அடையாளம் கண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். முகம் அந்த ஷாட்டில் தெரியவில்லை. அவர் பெயரைப் பெயர்ப் பட்டியலில் 'உதவியாளர்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒன்பதாவதாகப் போட்டிருந்தேன். அன்றிரவே அதை எடுத்து, 'கதவு இயக்கம்' என்று தனி வரியாக, தலைப்பெழுத்தோடு எழுதினேன். பெயர்ப் பட்டியல் முழுவதையும் அவரவரிடமே வாசித்துக் காட்டி, எழுத்தும் தலைப்பெழுத்தும் செய்த வேலையும் சரி என்று அவர்கள் சொன்ன பிறகு இறுதிப் பிரதியை எடுங்கள்.